இன்னுமா வலிக்குது?

தமிழ் சினிமாவில் ஒரு நோய்க்கு சான்ஸ் கிடைக்க மூன்று தகுதிகள் வேண்டும். யாராவது ஒருவரை அது கொல்ல வேண்டும். கொல்வதற்கு முன்னால் இரண்டு பாட்டுக்காவது டைம் கொடுக்க வேண்டும். முக்கியமாக, ஹீரோவின் முகத்தைக் கெடுக்கக் கூடாது.

இந்த மூன்றுக்கும் கச்சிதமாகப் பொருந்தியதால்தான் புற்றுநோய்க்கு அத்தனை கால்ஷீட். 1962-ல் ஸ்ரீதரின் ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ (நோயாளி பிழைத்து டாக்டர் செத்துப்போவது அதில் ட்விஸ்ட்). 1982-ல் ‘வாழ்வே மாயம்’. அதே வருஷம் ‘பயணங்கள் முடிவதில்லை’. ஒரு இருமல், கைக்குட்டையில் ஒரு சொட்டு ரத்தம், டாக்டர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு ‘ஐ ஆம் ஸாரி’ சொல்லும் காட்சி... தியேட்டரே மூக்கைச் சிந்தும்.

இந்த இன்டர்வியூவில் மூன்று கேள்விக்கும் ஃபெயில் ஆகிற நோய் ஒன்று இருக்கிறது. அது கொல்லாது. பாட்டுப் பாட விடாது, ஏனென்றால் வாயைத் திறந்தாலே வலிக்கும். முகத்தைக் கெடுக்காதுதான், ஆனால் அதுவே அதன் பெரிய மைனஸ். கண்ணாடியில் பார்த்தால் முகம் எப்போதும் போலவே இருக்கும். வைரஸ் வந்து போன பிறகு முகத்து நரம்பில் தங்கிவிடும் வலியைத்தான் சொல்கிறேன்.

நம் படங்களும் கதைகளும் பாட்டுகளும் வலியை நடத்துகிற விதம்தான் இந்த வாரம் விமர்சனத்துக்கு. கொஞ்சம் மெடிக்கல், கொஞ்சம் புறநானூறு, கொஞ்சம் இங்கிலீஷ் இலக்கியம் எல்லாம் கலந்து வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மெடிக்கல்.

சின்ன வயதில் நமக்கெல்லாம் சின்னம்மை போட்டிருக்கும். வேப்பிலை, இளநீர், மூன்றாம் தண்ணி ஊற்றி முடிந்தவுடன் ‘ஆத்தா இறங்கிட்டா’ என்று நிம்மதியாகி விடுவோம். ஆத்தா இறங்கினாலும், வைரஸ் வீட்டைக் காலி செய்வதில்லை. வாரிசெல்லா ஸோஸ்டர் என்று பெயர். நரம்பு முடிச்சுகளுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். பி.காம். பாஷையில் சொன்னால் ஃபிக்ஸட் டெபாசிட். முப்பது, நாற்பது, ஐம்பது வருஷம் சத்தமே இருக்காது. வயதாகி, உடம்பின் எதிர்ப்பு சக்தி தளரும்போது ஒருநாள் மெச்சூர் ஆகி, வட்டியோடு வெளியே வரும். உடம்பின் ஒரே பக்கத்தில், ஒரு நரம்பு போகிற பாதையில், தீக்காயம் மாதிரி கொத்துக் கொத்தாகக் கொப்புளம். அதுதான் நம் ஊரில் ‘அக்கி’.

பெரும்பாலும் அது விலாவிலோ முதுகிலோ வரும். சிலருக்கு முகத்தில் வரும். முகத்தின் உணர்ச்சியையெல்லாம் மூளைக்குக் கொண்டுபோகும் நரம்புக்கு ட்ரைஜெமினல் என்று பெயர். லத்தீனில் ஒரே பிரசவத்தில் பிறந்த மூன்று பேர் என்று அர்த்தம். ஒரு கிளை நெற்றிக்கும் கண்ணுக்கும், ஒரு கிளை கன்னத்துக்கும் மேல் தாடைக்கும், ஒரு கிளை கீழ்த் தாடைக்கும். கொப்புளம் இரண்டு மூன்று வாரத்தில் காய்ந்து உதிர்ந்துவிடும். ஆனால் நரம்பு அடிபட்டிருந்தால் வலி மட்டும் நின்றுவிடும். மூன்று மாதம் தாண்டியும் வலித்தால் அதற்கு மருத்துவத்தில் தனிப்பெயரே இருக்கிறது: போஸ்ட் ஹெர்பெடிக் நியூரால்ஜியா. வயது கூடக்கூட இது வருகிற வாய்ப்பும் கூடும்.

தருமபுரியிலிருந்து பென்னாகரம் போகிற வழியில் இண்டூர். அங்கே எனக்குப் பெரியம்மா முறை ஒருவர் இருக்கிறார். அறுபதைத் தாண்டியவர். மூன்று வருஷத்துக்கு முன்னால் இடது நெற்றியிலும் கண்ணைச் சுற்றியும் அக்கி. வழக்கம்போல முதலில் அக்கி எழுதப் போனார்கள். அப்புறம் ஊசி, மாத்திரை. கொப்புளம் போய்விட்டது. அதன் பிறகு அவர் முகத்தில் ஃபேன் காற்றுப் பட்டதில்லை, ஆஃப் பண்ணிவிடுவார். இடது பக்கம் சீப்பு போடுவதில்லை. வெயிலில் முந்தானையைத் தலைக்கு மேல் போட முடியாது, துணி உரசினால் உயிர் போகும். பல் வலியோ என்று நினைத்து இரண்டு கடைவாய்ப் பல்லை எடுத்தார்கள். நல்ல பல். போனதுதான் மிச்சம்.

“எப்படிப் பெரியம்மா இருக்கு?” என்று ஒரு தடவை கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

“என்னாத்த சொல்றது கண்ணு. காலையில எந்திரிச்சா மொளகா அரைச்சுப் பூசுன மாதிரி எரியுது. திடீர்னு உள்ளாற ஒரு சுருக்கு. அப்புறம் விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. ராவானா எறும்பு ஊருது, கையை வெச்சுப் பாத்தா ஒண்ணும் இல்ல. கண்ணுக்குள்ள ஒருத்தன் குடையற மாதிரி. நோவுதுன்னு சொன்னா யாரு நம்பறா? மூஞ்சி நல்லாத்தான இருக்குதுங்கறாங்க.”

அவர் போன வெளியூர் ஆஸ்பத்திரி ஒன்றின் சீட்டை வாங்கிப் பார்த்தேன். இந்த எட்டு வாக்கியத்துக்கும் பதிலாக ஒரே வார்த்தை இருந்தது. ‘பெய்ன்’. பக்கத்தில் ஒரு ப்ளஸ் குறி.

இந்த ப்ளஸ் குறியில்தான் நம் விமர்சனம் ஆரம்பிக்கிறது.

*

வெர்ஜீனியா வுல்ஃப் என்ற ஆங்கில எழுத்தாளர் 1925-ல் மாதக்கணக்கில் படுத்த படுக்கையாக இருந்தார். அந்த அனுபவத்தில் ‘நோயுற்றிருத்தல் பற்றி’ என்று ஒரு கட்டுரை எழுதினார். 1926-ல் டி.எஸ்.எலியட் நடத்திய பத்திரிகையில் வந்தது. இலக்கியத்தில் காதலுக்கும் யுத்தத்துக்கும் கிடைத்த இடம் காய்ச்சலுக்கும் பல்வலிக்கும் ஏன் கிடைக்கவில்லை என்பது அவருடைய கேள்வி. ரொம்ப நியாயமான கேள்வி. அதற்கு அவர் சொல்லும் காரணங்களில் ஒன்று, ஆங்கிலத்தில் வலியைச் சொல்ல வார்த்தை போதவில்லை, நோயாளி தானே புதுசாக உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது என்பது.

உலகம் முழுக்க வலியைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாம் இந்தக் கட்டுரைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் ஆரம்பிக்கிறார்கள். நானும் போடுகிறேன். ஆனால் இண்டூரில் உட்கார்ந்து படித்தால் இரண்டு இடத்தில் இடிக்கிறது.

ஒன்று, வுல்ஃபின் நோயாளி வேலையிலிருந்து விலகித் தலையணையில் சாய்ந்து மேகத்தைப் பார்க்கிறார். ஆரோக்கியமானவர்கள் பார்க்க நேரமில்லாத வானம் நோயாளிக்குத் தெரிகிறதாம். அழகான இடம்தான். ஆனால் வானத்தைப் பார்க்க வேண்டுமென்றால் அடுப்பைப் பார்க்க வேறொரு ஆள் வேண்டும். வுல்ஃப் வீட்டில் சமையலுக்கு ஆள் இருந்தது. பெரியம்மா முகத்தில் மிளகாய் எரியும்போதும் மாட்டுக்குத் தண்ணி காட்டியாக வேண்டும். அவருக்கு நோய் லீவு கிடையாது. லீவு எடுக்காததாலேயே ‘வேலை செய்யறால்ல, அப்புறம் என்ன வலி?’ என்று ஊர் முடிவு கட்டிவிடுகிறது.

இரண்டாவது, வார்த்தைப் பஞ்சம். அது தமிழுக்குப் பொருந்தவே பொருந்தாது! குத்தல், குடைச்சல், உளைச்சல், எரிச்சல், கடுப்பு, இழுப்பு, பிடிப்பு, சுளுக்கு, தெறிப்பு, மதமதப்பு, நமைச்சல், குறுகுறுப்பு. சுருக், விண்விண், பளிச். இதில் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போட முடியாது. காது குடையும், வயிறு குடையாது. கால் உளையும், பல் உளையாது. எந்த இலக்கணப் புத்தகமும் சொல்லிக்கொடுக்காமல் நாலு வயதுக் குழந்தைக்குக்கூட இது தெரியும்.

கனடாவில் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரொனால்ட் மெல்ஸாக் என்ற விஞ்ஞானி 1975-ல் ஒரு கேள்வித்தாள் தயாரித்தார். நோயாளிகள் வலியைச் சொல்லப் பயன்படுத்தும் 78 வார்த்தைகளை 20 குரூப்பாகப் பிரித்து, ‘உங்கள் வலி இதில் எது?’ என்று டிக் அடிக்கச் சொன்னார். வலி ஆராய்ச்சியில் பெரிய திருப்பம் அது. வலி என்பது கூடும், குறையும் என்ற ஒற்றை அளவு இல்லை, அதற்கு ரகங்கள் உண்டு என்று நிரூபித்த கேள்வித்தாள். நம் ஊர்ப் பாட்டி திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை மெல்லும் நேரத்தில் இதில் பாதியைச் சொல்லிவிடுவாள்.

இதெல்லாம் மொழிப் பெருமைக்காகச் சொல்லவில்லை. வார்த்தை வித்தியாசத்தில் வைத்திய வித்தியாசம் இருக்கிறது.

‘கரன்ட் அடிச்ச மாதிரி ஒரு செகண்ட், ரெண்டு செகண்ட், அப்புறம் ஒண்ணும் இல்ல. பல் தேய்ச்சா, வாய் கொப்புளிச்சா திரும்ப வருது’ என்று ஒருவர் சொன்னால் அது ட்ரைஜெமினல் நியூரால்ஜியாவின் அடையாளம். நரம்பை ரத்தக்குழாய் அழுத்துவதால் வருவதுதான் அதில் அதிகம். நடிகர் சல்மான் கான் இதற்காக 2011-ல் அமெரிக்காவில் சிகிச்சை செய்துகொண்டார், பிறகு 2017-ல் வெளிப்படையாகப் பேசவும் செய்தார். ‘எப்பவும் எரியுது, துணி பட்டாலே தாங்கல’ என்றால் அது அக்கிக்குப் பிறகு வரும் நரம்பு வலியின் அடையாளம். ‘ஆழத்துல மந்தமா, எந்நேரமும் ஒரு வலி, இடம் காட்டத் தெரியல, ஸ்கேன்ல ஒண்ணும் இல்ல’ என்றால் அது வேறொரு ரகம். முதலாவதற்கு நன்றாகக் கேட்கிற மருந்து இரண்டாவதற்குப் பல சமயம் கேட்காது.

அதாவது, நோயாளியின் வர்ணனைதான் இங்கே எக்ஸ்ரே. பெரியம்மா சொன்ன எட்டு வாக்கியமும் வெறும் புலம்பல் இல்லை. அது டயக்னாசிஸ். அதை ஒரு ப்ளஸ் குறியாகச் சுருக்கியவர் நோயாளியின் மொழியை எடிட் பண்ணவில்லை, ரிப்போர்ட்டையே கிழித்துப் போட்டுவிட்டார். சின்ன வயதில் பத்திரிகை ஆபீஸில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், பேட்டி எடுக்கும்போது அவர்கள் வார்த்தையை மாற்றாதே என்பது. ஆஸ்பத்திரியிலும் அதை போர்டு எழுதி மாட்டலாம்.

வார்த்தை இருக்கிறது. வாங்கிக்கொள்ளத்தான் காது இல்லை. வுல்ஃபின் கட்டுரைக்கு இண்டூரிலிருந்து ஒரு வாசகர் கடிதம் போடுவதென்றால் இதைத்தான் எழுதுவேன்.

*

சரி, இந்தக் காது நமக்கு ஏன் இல்லாமல் போனது? இலக்கியத்துக்கும் இதில் பங்கு உண்டு என்பது என் கட்சி.

இண்டூர் இருக்கிற தருமபுரிதான் பழைய தகடூர். அதியமான் ஊர். நெல்லிக்கனி கதை எல்லோருக்கும் தெரியும். போரில் அவன் புண்பட்டு நின்றபோது ஔவை பாடிய பாட்டு புறநானூற்றில் இருக்கிறது. அவன் மார்பில் வேல் பாய்ந்து செத்தபோது பாடிய கையறுநிலைப் பாட்டும் இருக்கிறது, இன்றைக்குப் படித்தாலும் தொண்டை அடைக்கும். போரில் முகத்திலும் மார்பிலும் பட்ட புண்ணுக்கு அந்தக் காலத்தில் ‘விழுப்புண்’ என்று கௌரவமான பெயர். வீரனுக்கு அது மெடல்.

கவனியுங்கள். பாட்டுக் கிடைத்தது புண்ணுக்கு. கண்ணுக்குத் தெரிகிற, விரலால் தொட்டுக் காட்டக்கூடிய புண்ணுக்கு. புண் ஆறிய பிறகு குளிர்காலத்தில் அந்தத் தழும்புக்குள் குத்தியதா, ராத்திரி தூங்கினானா, குதிரை ஏறும்போது முனகினானா? அதைப் பாட ஆள் வரவில்லை.

இன்னொரு வேடிக்கை. பழைய தமிழில் ‘வலி’ என்றால் பலம். திருக்குறளில் ‘வலியறிதல்’ என்று ஒரு அதிகாரம் இருக்கிறதே, அது தன் பலம், எதிரியின் பலம் அறிவதைப் பற்றியது. உடம்பு நோகிறதற்கு ‘நோ’, ‘நோவு’, ‘நோய்’ என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். பெரியம்மா இன்றைக்கும் ‘நோவுது’ என்கிறார். நாம்தான் படித்துவிட்டு ‘வலிக்குது’ என்கிறோம்.

அடுத்தது பக்தி இலக்கியம். தமிழின் மிகப் பிரபலமான நோயாளி யார் என்று கேட்டால் நான் அப்பரைச் சொல்வேன். காரணம் தெரியாத சூலை நோய், குடலை முறுக்குகிற வலி. எந்த மருந்தும் மந்திரமும் கேட்கவில்லை. அக்கா திலகவதியாரிடம் ஓடி வருகிறார். திருவதிகையில் முதல் பதிகம் பாடுகிறார். வலி போய்விடுகிறது. பக்கத்துக் கேரளத்தில் மேல்பத்தூர் நாராயண பட்டத்திரி. வாத நோய். குருவாயூரில் உட்கார்ந்து நூறு தசகம் நாராயணீயம் பாடி முடிக்கிறார். நோய் தீர்கிறது.

அந்தப் பாட்டுகளின் மேல் எனக்கு மரியாதை உண்டு. வலியில் துடிக்கிறவனின் குரலை இவ்வளவு நேராகத் தமிழில் பதிவு செய்த பாட்டு அப்பர் பதிகம் மாதிரி அபூர்வம். பிரச்னை அந்தப் பாட்டில் இல்லை. அந்தக் கதை நம் மனசுக்குள் போட்ட டெம்ப்ளேட்டில் இருக்கிறது. வலி வந்தால், ஒன்று தீர வேண்டும், அல்லது ஆள் போக வேண்டும். தீர்ந்தால் பக்திப் படம். போனால் கண்ணீர்ப் படம். புண் தெரிந்தால் வீரப் படம். தீரவும் தீராமல், கொல்லவும் கொல்லாமல், தெரியவும் தெரியாமல் ஒரு வலி வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தால், அதை எந்த ஃபைலில் போடுவது என்று நமக்குத் தெரிவதில்லை.

டாக்டர்களுக்கும் தெரிவதில்லை. அவர்கள் அதற்கு ஒரு ஃபைல் வைத்திருக்கிறார்கள். ‘டென்ஷன்’, ‘நரம்புத் தளர்ச்சி’, ‘எல்லாம் மனசுதாம்மா’.

காமர்ஸ் படித்தவர்களுக்கு இது பழகின சமாசாரம். ட்ரயல் பாலன்ஸ் டேலி ஆகவில்லையென்றால் வித்தியாசத்தை ‘சஸ்பென்ஸ் அக்கவுன்ட்’ என்று ஒரு கணக்கில் போட்டு அன்றைக்குக் கடையைக் கட்டலாம். ஆனால் எங்கள் புரொபசர் திரும்பத் திரும்பச் சொல்வார்: சஸ்பென்ஸில் போட்ட பணமும் நிஜப் பணம். அது எங்கே போனது என்று தேடுகிற வேலை பாக்கி இருக்கிறது என்பதற்கான குறிப்புதான் அந்தக் கணக்கு. வருஷக்கணக்கில் அதை அப்படியே விட்டால் ஆடிட்டர் சும்மா விட மாட்டார்.

மருத்துவத்தில் சஸ்பென்ஸ் அக்கவுன்டின் பெயர் ‘இடியோபதிக்’. காரணம் பிடிபடவில்லை என்று அர்த்தம். காரணம் பிடிபடாத, நீடிக்கும் முக வலிக்கு அந்த வார்த்தையைச் சேர்த்தே பெயர் வைத்திருக்கிறார்கள். அதில் தப்பில்லை. ‘எனக்குக் காரணம் தெரியவில்லை’ என்பது நேர்மையான வாக்கியம். ‘உனக்கு வலி இல்லை’ என்பது வேறு வாக்கியம். முதலாவது சீட்டில் எழுதப்படுகிறது, இரண்டாவது நோயாளியின் காதில் விழுகிறது. நடுவில் எங்கேயோ மொழிபெயர்ப்பில் கோளாறு.

‘எல்லாம் மூளையில்தான்’ என்பதிலும் இதே கோளாறு. தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஸ்டான்லியில் டாக்டருக்குப் படித்த வி.எஸ்.ராமச்சந்திரன் 1998-ல் ஸாண்ட்ரா பிளேக்ஸ்லீயோடு சேர்ந்து எழுதிய ‘ஃபேண்டம்ஸ் இன் த பிரெய்ன்’ படித்தவர்களுக்கு இது புரியும். கையை இழந்த ஒருவரின் கன்னத்தில் பஞ்சுக் குச்சியால் தொடுகிறார். அந்த ஆள், இல்லாத கையில் யாரோ தொடுகிறார்கள் என்கிறார்! மூளையின் வரைபடத்தில் முகமும் கையும் பக்கத்துப் பக்கத்து வீடு. ஒரு வீடு காலியானதும் அடுத்த வீட்டுக்காரர் வேலியை நகர்த்திவிட்டார். அந்த ஆள் பொய் சொல்லவில்லை, பைத்தியமும் இல்லை. வலி மூளையில் உருவாகிறது என்பது உண்மை. வெளிச்சமும் சத்தமும்கூட அங்கேதான் உருவாகின்றன. அதற்காக யாரும் இளையராஜாவைக் கற்பனை என்று சொல்வதில்லை!

*

இப்போது அக்கி எழுதுவதற்கு வருகிறேன். இதையும் ஒரு கலைப்படைப்பாகப் பார்த்து விமர்சிக்கலாம் என்று தோன்றுகிறது.

மண்பாண்டம் செய்கிற வேளார் வீட்டுக்குப் போவார்கள். செங்காவியைக் குழைத்து, கொப்புளத்தின் மேல் எழுதுவார்கள். சிங்கம் வரைகிறவர்களும் உண்டு. சிங்கத்தைப் பார்த்து அக்கி பயந்து ஓடிவிடும் என்பது நம்பிக்கை. தமிழ்நாடு முழுக்க உள்ள வழக்கம் இது.

வைரஸ் சிங்கத்துக்குப் பயப்படாது. இதில் வளைத்துப் பேச ஒன்றுமில்லை. கொப்புளம் தானாகவே சில வாரத்தில் காய்கிற நோய் என்பதால், எழுதியதற்குப் பெயர் கிடைத்துவிடுகிறது. வைரஸை அடக்கும் மாத்திரையைக் கொப்புளம் வந்த 72 மணி நேரத்துக்குள் ஆரம்பிப்பதுதான் நல்லது. எழுதப்போய் அந்த மூன்று நாளைத் தொலைப்பது பெரிய நஷ்டம். முக்கியமாகக் கண்ணைச் சுற்றியோ மூக்கு நுனியிலோ கொப்புளம் வந்தால் கண்ணுக்கே ஆபத்து. நேராகக் கண் டாக்டரிடம் ஓட வேண்டும்.

இவ்வளவும் தெரிந்தும் ஜனங்கள் ஏன் போகிறார்கள்? அறியாமை என்று ஒரே வார்த்தையில் முடிப்பதும் இன்னொரு ப்ளஸ் குறிதான். அங்கே என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஒரு ஆள் எதிரே உட்கார்ந்து உங்கள் முகத்தை உற்றுப் பார்க்கிறார். எங்கே ஆரம்பித்தது, எது வரைக்கும் போயிருக்கிறது என்று கேட்கிறார். மற்றவர்கள் அருவருத்து விலகுகிற இடத்தைப் பொறுமையாகத் தொட்டு எழுதுகிறார். உங்கள் நோவுக்கு ஒரு உருவம் கொடுக்கிறார். சிங்க உருவம்! நீங்கள் தெருவில் நடந்து போனால் செங்காவியைப் பார்த்து ‘ஐயோ பாவம், அக்கியா?’ என்று நாலு பேர் கேட்கிறார்கள். மருந்தாக அது ஜீரோ. கவனிப்பாக அது நூற்றுக்கு எண்பது.

கொப்புளம் காய்ந்த பிறகுதான் கஷ்டம். காவி கழுவிப் போய்விடும், சிங்கம் போய்விடும், வலி போகாது. இந்த இரண்டாம் கட்டத்துக்கு வேளாரிடம் உருவம் கிடையாது, ஊரிடம் ‘ஐயோ பாவம்’ கிடையாது.

2022 ஜூனில் பாடகர் ஜஸ்டின் பீபர் ஒரு வீடியோ போட்டார். ராம்ஸே ஹன்ட் ஸிண்ட்ரோம். அதே அக்கி வைரஸ்தான், முகத்தை அசைக்கும் நரம்பைத் தாக்கியிருந்தது. ‘பாருங்கள், இந்தப் பக்கம் கண் சிமிட்டவில்லை’ என்று காட்டினார். உலகமே நம்பியது, உருகியது. ஏனென்றால் காட்ட முடிந்தது. பெரியம்மாவிடம் காட்டுவதற்கு ஒன்றுமில்லை. சொல்வதற்குத்தான் இருக்கிறது.

*

சொல்வதை எப்படி எழுதுவது? இதற்கு ஒரு நல்ல மாடல் பிரான்சில் இருக்கிறது. அல்ஃபோன்ஸ் தோதே என்ற நாவலாசிரியர். அவருக்கு ஸிஃபிலிஸ் முதுகுத்தண்டு வரை போய், வருஷக்கணக்கில் நரம்பு வலி. நாவலாக எழுத நினைத்துக் குறிப்புகள் எடுத்தார். நாவல் வரவேயில்லை. 1897-ல் இறந்துபோனார். அந்தத் துண்டுக் குறிப்புகள் 1930-ல் பிரெஞ்சில் புத்தகமாயின. 2002-ல் ஜூலியன் பார்ன்ஸ் அதை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார். மெல்லிய புத்தகம். கதை கிடையாது, க்ளைமாக்ஸ் கிடையாது, நீதி கிடையாது. இன்றைக்கு எங்கே வலித்தது, எந்த ஸ்பாவில் எந்த நோயாளியைப் பார்த்தேன், எந்த மருந்து கேட்கவில்லை, அவ்வளவுதான்.

நாவல் வராமல் போனதுதான் அந்தப் புத்தகத்தின் வெற்றி என்று எனக்குப் படுகிறது. நாவலுக்கு ஒரு முடிவு வேண்டும். தீராத வலிக்கு முடிவு கிடையாது. வாரப் பத்திரிகை வாசகர்களான உங்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லலாம். ஒவ்வொரு அத்தியாயத்தின் கடைசியிலும் ‘தொடரும்’ மட்டும் இருக்கிற தொடர்கதை அது. ‘முற்றும்’ என்று போடுகிற வாரம் வராது. எந்த எடிட்டரும் இதை ஒப்புக்கொள்ள மாட்டார். ஆனால் 2006-ல் தமிழ்நாட்டில் சிக்குன்குனியா அடித்தபோது, காய்ச்சல் ஒரு வாரத்தில் போய், மூட்டு வலியோடு மாதக்கணக்கில் மாடிப்படி ஏறிய லட்சக்கணக்கான வாசகர்கள் இந்தத் தொடரைப் படித்திருக்கிறார்கள். அந்த வருஷத்தை நாம் எப்படி நினைவு வைத்திருக்கிறோம்? ஒரு கோணல் நடை ஜோக்காக.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு என் வேண்டுகோள்: ஒரு கதாபாத்திரத்துக்காவது தீராத வலி கொடுங்கள், கதையைத் திருப்புவதற்காக அல்ல. அவள் சமைக்கட்டும், சண்டை போடட்டும், கல்யாணத்துக்குப் போகட்டும், முகத்தின் இடது பக்கம் எரிந்துகொண்டே இருக்கட்டும். கடைசி அத்தியாயத்தில் தயவுசெய்து அதைக் குணப்படுத்தாதீர்கள்.

*

நிஜ வாழ்க்கையில் குணப்படுத்த முடிந்ததைக் குணப்படுத்தத்தான் வேண்டும். வழிகள் இல்லாமல் இல்லை. நரம்பு வலிக்குச் சாதாரண வலி மாத்திரை கேட்காது என்பதுதான் முதலில் தெரிய வேண்டியது. நரம்பின் கூச்சலைக் குறைக்கும் மருந்துகள் தனி. அவற்றில் சில, மனச்சோர்வுக்கும் வலிப்புக்கும் தருகிற மருந்துகளே. மெடிக்கல் ஷாப் பையன் ‘இது மென்டல் மாத்திரையாச்சே’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுவான். அன்றோடு மாத்திரை குப்பைக்குப் போகும். அதே மருந்து குறைந்த அளவில் நரம்பு வலிக்கும் வேலை செய்கிறது, அதற்காகத்தான் தருகிறார்கள் என்று எழுதுகிற டாக்டரே ஒரு நிமிஷம் செலவழித்துச் சொல்லிவிட்டால் பாதிப் பிரச்னை தீரும். எல்லோருக்கும் முழுசாகப் போகாது. ஆனால் வலி பாதியாகக் குறைந்து ராத்திரி ஐந்து மணி நேரம் தூங்க முடிந்தால், அது எவ்வளவு பெரிய வரவு என்பது தூங்காதவருக்குத் தெரியும். அக்கி வராமல் தடுக்கும் புதிய தடுப்பூசி 2023-ல் இந்தியாவுக்கு வந்திருக்கிறது. ஐம்பது தாண்டியவர்கள் டாக்டரைக் கேட்டுப் பார்க்கலாம், விலையைக் கேட்டு முகம் சுளிக்கவும் தயாராக இருக்க வேண்டும். தருமபுரிக்கு 2008-ல் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில்தான் 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கியது. வீடு தேடி பி.பி., சுகர் கேட்கத் தொடங்கிய அந்தக் கேள்விகளோடு ‘எங்காவது நோவுதாம்மா, எப்படி நோவுது?’ என்று இன்னொன்றும் சேர வேண்டும்.

வலியை ஆராயும் உலக அமைப்பு 1979-ல் செய்த வரையறையை 2020-ல் திருத்தியது. கூடவே ஒரு குறிப்பு சேர்த்தார்கள்: ஒருவர் தனக்கு வலிக்கிறது என்று சொன்னால் அதை மதிக்க வேண்டும். இதைச் சொல்ல உலக மகா விஞ்ஞானிகள் கூடிப் பேச வேண்டியிருந்தது என்பதே வருத்தமான காமெடி.

வள்ளுவர் ‘மருந்து’ அதிகாரத்தின் கடைசிக் குறளில் வைத்தியத்தை நான்கு பங்காகப் பிரிக்கிறார். நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்கிறவர். நான்காவது ஆளை ஆஸ்பத்திரி தராது. அது நீங்களும் நானும்தான். அந்த வேலைக்கு டிகிரி வேண்டாம், காசு வேண்டாம். கேட்கிற கேள்வியில் ஒரு வார்த்தையை மாற்றினால் போதும்.

‘இன்னுமா வலிக்குது?’ என்று கேட்டால், அது குற்றப் பத்திரிகை. அதற்குப் பதில் சொல்கிறவர் தன்னை நிரூபிக்க வேண்டும். ரெண்டு தடவை நிரூபித்துப் பார்ப்பார். மூன்றாவது தடவை ‘இப்ப பரவாயில்ல’ என்று பொய் சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார்.

‘இன்னிக்கு எப்படி வலிக்குது?’ என்று கேட்டுப் பாருங்கள். பதில் வரக் கொஞ்ச நேரம் ஆகும். மொளகா, எறும்பு, கரன்ட், சுருக்கு என்று ஒவ்வொன்றாக வரும். அவசரமில்லாமல் உட்கார்ந்து கேளுங்கள்.